மலைப் பள்ளிகளில் ஆங்கில வாசிப்பு



பழனிமலைத் தொடரிலுள்ள பள்ளிகளில் ஆங்கில வாசிப்பு எவ்வாறு நடைபெறுகிறது, அதனைச் செம்மைப்படுத்த எத்தகைய பாடத்திட்டமும் நூல்களும் வேண்டும் என்பது பற்றி இன்று சில சொல்ல எண்ணுகிறேன். ஆசிரியப் பயிற்சி பெற்று வெளிவந்த நாள் தொடங்கி ஓய்வு பெற்ற நாள் வரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, மலையின் மீதும் அடிவாரத்திலும் பிள்ளைகளோடு பழகியவன் என்பதே இப்பொருளைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதி.

மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் முற்றிலும் அந்நியமானது என்று சமவெளியில் இருப்போர் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் சரியன்று. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை அழைத்து, "உங்கள் காட்டில் என்ன போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கேரட், பீன்ஸ், பீட்ரூட், டர்னிப், காலிபிளவர் என்று அடுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இம்மலைக்குக் குடிவந்த ஐரோப்பியரும் அமெரிக்கரும் தங்கள் நாட்டுக் காய்கனிகளைக் கொண்டுவந்து பயிரிட்டார்கள். காய்களோடு அவற்றின் பெயர்களும் நம் மண்ணில் வேர் பிடித்தன. ஊர்ப் பெயர்களிலும் அப்படியே. கோக்கர்ஸ் வாக், பில்லர் ராக்ஸ், சில்வர் காஸ்கேட் என்னும் பெயர்களை, பள்ளியை எட்டிப் பாராத குதிரைக்காரப் பையன்கூடப் பிழையின்றிச் சொல்லுவான். 'பியர் சோலை' என்ற பெயரில் ஆங்கிலக் கரடியும் தமிழ்ச் சோலையும் கைகோத்து நிற்பதைப் பாருங்கள். அந்தச் 'சோலை' என்னும் நம் சொல்லையே மலைக்காட்டு வகை ஒன்றின் பெயராக ஆங்கிலத் தாவர நூலார் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மிளகுத்தண்ணீரையும் கட்டுமரத்தையும் கொண்டுபோனவர்கள் சோலையை மட்டும் விட்டுவிடுவார்களா?

வாயில் இவ்வளவு சொற்கள் இருக்கின்றன. ஆனால் அதே சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் காட்டினால், ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிற் பலர் திகைத்து நிற்கிறார்கள். இத்தனைக்கும் முதல் வகுப்பிலிருந்தே அவர்கள் ஆங்கிலப் பாடம் கற்றுவருபவர்கள்.

இத்திகைப்பு வெளிப்படையாகத் தெரிவதும் இல்லை. ஒருமுறை எட்டாம் வகுப்பில் ஒரு மாணவனைப் படிக்கச் சொன்னேன். பாடம் முழுவதையும் தங்குதடையின்றிப் படித்தான். பிறகு ஒரு வரியின் நடுவிலிருந்த ஒரு சொல்லை விரலால் தொட்டு, "இஃது என்ன?" என்று கேட்டேன். அவன் உடனே விடை சொல்லவில்லை. பாடத்தின் தலைப்புக்குப் போனான். உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டே விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி வந்தான். நான் தொட்ட இடத்தை அடைந்ததும் நிறுத்தி, அச்சொல்லைச் சொன்னான். விடை என்னவோ சரிதான். ஆனால் அவன் அதனைப் படித்துச் சொல்லவில்லை; மனத்திலிருந்த பாட்டை எண்ணிக்கொண்டு வந்து சொன்னான்.

இதனைச் சோம்பல் என்று எவரும் சொல்ல வேண்டா. பொருள் தெரியாத ஐம்பது வரிகளை மனத்தில் ஏற்றி, எந்தச் சொல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்திருப்பது எளிய காரியமா? அந்த உழைப்பில் நான்கில் ஒரு பங்கு போதும், படிக்கவே கற்றுக்கொள்ள. நாமோ அதனைக் கேட்கவில்லை. தேர்வில் வரும் வினா பாடத்திலிருந்து வரும். விடை நோட்ஸில் இருக்கும். நோட்ஸை ஒப்பிக்கத் தெரிந்தவனுக்கு மதிப்பெண் கிடைக்கும். ஆண்டு முழுவதற்கும் ஆங்கிலத்தில் அவன் கண்ணிற் படுவது அந்த ஒரு பாடநூல்தான். தமிழில் அப்படி இல்லை. தேநீர்க் கடைச் செய்தித்தாள், சுவரொட்டி, கோயில் திருவிழா நோட்டீசு, பேருந்தின் பெயர்ப் பலகை என்று வழியெல்லாம் அவனுக்கு வாசகம் இருக்கிறது. தமிழில் அவன் படிக்கக் கற்றுக்கொள்வதிற் பாதி, பள்ளிக்கு வெளியே நடக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்தப் பாதி இல்லை. அதைப் பள்ளியேதான் கொடுத்தாக வேண்டும்.

இந்த உண்மையை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே கண்டு சொன்னவர் ஒருவர் உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்பது அவர் பெயர். டாக்காவிலே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகளை நீண்ட நாள் ஆராய்ந்து 1926ஆம் ஆண்டில் இருமொழிக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் அவர் எழுப்பிய வினா ஆயுள் காப்பீட்டுக்காரரின் வினா. ஒருவன் இருபது ஆண்டுகளுக்குப் பாலிசி எடுக்கிறான். ஏழாம் ஆண்டில் பணம் கட்ட இயலாமல் நிறுத்திவிடுகிறான். அப்போது அதனைச் சரண்டர் செய்தால் அவன் கைக்கு ஏதாவது தொகை வருமல்லவா? அதுபோல, பள்ளிப் படிப்பை நடுவில் நிறுத்திவிடுகிற பிள்ளையின் கையில், அதுவரை கற்ற ஆங்கிலத்துக்கு ஈடாக என்ன தங்குகிறது என்று வெஸ்ட் கேட்டார். பேசுவதற்கென்று கற்ற அரைகுறை ஆங்கிலம் சில மாதங்களில் மறந்துபோகும்; எழுதுவதற்கென்று கற்றதும் அவ்வாறே. எளிய நூலைத் தானே படிக்கும் ஆற்றல் மட்டும் ஒருமுறை வந்துவிட்டால், அது சிறிதாயினும் முழுமையான உடைமை. அதைக் கொண்டு மேலும் வளரவும் கூடும் என்பது அவர் கண்ட முடிவு.

பயிற்சிக் கல்லூரியில் இதனைப் படித்தபோது தேர்வுக்குரிய ஒரு செய்தியாகவே எனக்குத் தோன்றியது. மலைக்கு வந்த பிறகுதான் அதன் பொருள் நன்கு விளங்கிற்று. பூண்டு பிடுங்கும் பருவம் வந்தால் வகுப்பில் பாதிப் பலகைகள் காலியாக இருக்கும். ஒன்பதாம் வகுப்போடு நின்று தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பெண், பத்தாம் வகுப்பில் தவறித் தங்கும் விடுதியில் வேலைக்குச் சேரும் பையன், மேல்நிலைக் கல்விக்காகக் கீழே இறங்கி விடுதியில் இருக்க மனமின்றித் திரும்பி வருகிறவன் என்று ஒவ்வோர் ஆண்டும் சிலரைக் கண்டிருக்கிறேன். பளியர் குடிப் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினமானது. அவர்கள் வீட்டுப் பேச்சுக்கும் பாடநூல் தமிழுக்குமே தூரம் மிகுதி. ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது படி.

இவர்கள் பள்ளியை விட்டுப் போகும்போது எதனைக் கொண்டுபோகிறார்கள்? பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏறி முடிப்பவனுக்கென்றே நம் பாடத்திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறு முடிப்பவனுக்கு அதனாற் பயன் உண்டு, நான் மறுக்கவில்லை. நடுவில் நிற்பவனுக்கோ பாதிக் கிணறு தாண்டியவன் கதைதான். ஆனால் ஆங்கில வாசிப்பின் தேவை அவனையும் விடுவதில்லை. மருந்துப் பட்டையின் பின்புறம் பாருங்கள்: மருந்தின் பெயர், அளவு, எந்த மாதத்துக்குமேல் உண்ணலாகாது என்ற எச்சரிக்கை எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. விதைப் பொட்டலம், வங்கிக் கடிதம், கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தி இவையும் அவ்வாறே. முதியவளான பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் ஒன்பதாம் வகுப்போடு நின்ற அந்தப் பேத்திதான். எட்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்த அவளுக்கு அந்தப் பட்டையிலுள்ள நான்கு சொற்களைப் படிக்கத் தெரிய வேண்டாமா?

இனி, நம் மாநிலத்திலே நடந்த முயற்சிகளைச் சற்றுப் பார்ப்போம். 1950களில் சென்னை மாநிலத்தில் வாக்கிய அமைப்பு முறை என்ற புதிய முறைக்கேற்ப ஆங்கிலப் பாடத்திட்டம் மாற்றப்பட்டது. வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து அருமை நோக்கி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் பேச்சில் பழக்கி, பிறகு படிக்கவும் எழுதவும் செய்வது அதன் நெறி. இதனைத் தொடக்க நிலை ஆசிரியர் அனைவருக்கும் கற்பிக்க வேண்டி 1959இல் ஒரு பேரியக்கம் தொடங்கிற்று. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தர வேண்டும். அவர்கள் மேலும் பலருக்குத் தர வேண்டும். உருள உருளப் பருக்கும் பனிப்பந்து என்று இதற்குப் பெயரிட்டார்கள். 27,000 ஆசிரியர்களை மறுபயிற்சிக்கு உட்படுத்துவது நோக்கம். அக்காலத்தில், அவ்வளவு குறைந்த வசதியோடு, அத்தகைய காரியத்தில் இறங்கியதே வியப்புக்குரியது.

தொடக்கப் பள்ளியில் எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர் அப்பயிற்சி பெற்றவர். ஒரு துணிப்பையில் பந்து, பெட்டி, செம்பு, சீப்பு எல்லாம் கொண்டுவருவார். பந்தைப் பெட்டிக்கு உள்ளே வைப்பார், மேலே வைப்பார், அடியிலே வைப்பார். ஒவ்வொரு முறையும் நாங்கள் ஆங்கிலத்தில் வாக்கியம் சொல்ல வேண்டும். அந்த வாக்கியங்கள் இன்றும் எனக்கு மறக்கவில்லை. ஆயினும் அப்பையில் ஒரு கதைப்புத்தகம் இருந்ததில்லை. பனிப்பந்து உருண்டபோது முறை பரவிற்று. நூல்கள் உடன் உருளவில்லை. முறையும் கைமாறக் கைமாற நீர்த்துப்போகும். வாயால் பெற்ற பயிற்சி மூன்றாவது ஆளிடம் வரும்போது பாதியாய்விடும் என்பதை எந்தத் தலைமையாசிரியரும் அறிவார். நூல் அப்படிக் குறைவதில்லை. முதற் படியில் என்ன இருந்ததோ அதுவே ஆயிரமாவது படியிலும் இருக்கும்.

பின்னர் 1979 முதல் 1984 வரையில், என். எஸ். பிரபு என்னும் அறிஞர் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் வேறொரு சோதனை செய்தார். இலக்கணத்தையும் வாக்கிய வரிசையையும் ஒதுக்கிவிட்டு, நிலப்படம், கால அட்டவணை போன்றவற்றைக் கொடுத்து, அவற்றிலிருந்து விடை காண வேண்டிய சிறு வேலைகளைப் பிள்ளைகளுக்குத் தந்தார். மனம் பொருளில் ஈடுபட்டால் மொழி தானே வந்து சேரும் என்பது அவர் கொள்கை. உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் இதனைப் பெரிதும் பேசினர். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்குப் போகும் பேருந்துகளின் அட்டவணையை ஆங்கிலத்தில் எழுதி, "பத்து மணி மருத்துவமனைக்கு எந்த வண்டியில் ஏற வேண்டும்?" என்று கேட்டால், உறங்கும் வகுப்பும் விழித்துக்கொள்ளும். நான் கண்ட உண்மை இது.

முறைகளைப் பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். வாசிப்பே முதலில் வர வேண்டும் என்ற வெஸ்டின் கருத்தை மலைப் பள்ளிக்கு நான் அப்படியே ஏற்பதில்லை. காதில் ஒருமுறையேனும் விழாத வாக்கியத்தைக் கண்ணால் மட்டும் கண்டு பொருள் கொள்வது எட்டு வயதுப் பிள்ளைக்குக் கடினம். முதலில் ஆசிரியர் கதையைச் சொல்ல வேண்டும். பிறகு படித்துக் காட்ட வேண்டும். பிறகே பிள்ளை படிக்க வேண்டும். இதற்கு இரண்டு நாள் போதும். இரண்டு மாதம் வேண்டுவதில்லை.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் எழுத்துகள் 247 என்றாலும், அவற்றை அறிந்தவன் எந்தச் சொல்லையும் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் 26தான், ஆனால் அவற்றை அறிந்தவனும் கத்தியைக் குறிக்கும் சொல்லிலே 'கே' என்ற எழுத்து எதற்காக வாய்மூடி முன்னே நிற்கிறது என்று மயங்குவான். நம் பள்ளிகளில் எழுத்தின் பெயரைச் சொல்லிக் கூட்டும் வழக்கம் உண்டு. 'சி, ஏ, டி, கேட்' என்று பிள்ளைகள் பாடுகிறார்கள். 'சி', 'ஏ', 'டி' என்ற மூன்று ஒலிகளையும் சேர்த்தால் 'சியேடி' என்றல்லவா வரும்? பூனை எங்கிருந்து வந்தது? எழுத்தின் பெயரை விடுத்து ஒலியைக் கற்பித்தால் இம்மயக்கம் தீரும்.

தமிழ்ப் பிள்ளைக்குத் தனியே வரும் இடர்ப்பாடும் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'பி' என்று நாம் எழுதும் எழுத்துகள் இரண்டு. வல்லொலிக்கு ஒன்று, மெல்லிதாய் ஒலிப்பதற்கு மற்றொன்று. தமிழில் இரண்டுக்கும் 'ப' ஒன்றே. ஆதலால் பிள்ளைக்கு அவ்வொலி வேறுபாடே தெரியாது என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். தெரியும். 'பம்பரம்' என்று சொல்லச் சொல்லுங்கள். முதலிலுள்ள பகரம் ஒருவிதமாகவும் மகரத்தை அடுத்த பகரம் வேறுவிதமாகவும் அவன் வாயிலேயே ஒலிக்கும். தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கச் சொன்னால் வேறுபாட்டைத் தொட்டே அறிந்துகொள்வான். 'பங்கு', 'பந்து', 'வண்டு' என்று இப்படியே போகலாம். தமிழைத் துணையாகக் கொண்டு ஆங்கில எழுத்தைக் கற்பிக்கும் இத்தகைய குறிப்புகள் ஆசிரியர் கைந்நூலில் இருக்க வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று சொல்லும் பெரியோர் உண்டு. ஒரு சொல்லின் பொருளை விளக்கக் கையையும் காலையும் ஆட்டிப் பத்து நிமிடம் செலவிடுவதைவிட, தமிழில் ஒரு சொல்லால் சொல்லிவிட்டுக் கதைக்குப் போவது நல்லது என்றே நான் கருதுகிறேன். தமிழில் நன்றாகப் படிக்கும் பிள்ளை ஆங்கிலத்தையும் விரைவில் பிடித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழே தடுமாறும் பிள்ளைக்கு முதலில் தமிழைத்தான் சீராக்க வேண்டும்.

இப்பொழுது நூல்களுக்கு வருவோம். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் நாங்களே சில சிறு நூல்கள் எழுதினோம். பழைய நாட்காட்டித் தாளின் வெறும்புறத்தைப் பன்னிரண்டு பக்கமாக மடித்து, பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியமும் ஒரு படமும் போட்டோம். படங்களைப் பிள்ளைகளே வரைந்தார்கள். முதலில் கம்பிப் பின் அடித்தோம். மலை ஈரத்தில் அது ஒரு மழைக்காலத்துக்குள் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிட்டது. அதன்பின் நூலால் தைத்தோம். எழுதுவதில் ஒரே கட்டுப்பாடு: ஒரு நோட்டுப் புத்தகத்தில் பிள்ளைகள் அறிந்த சொற்களின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாத சொல்லைக் கதையில் சேர்த்தால், அதே கதையில் அதனை ஐந்தாறு முறையாவது மீண்டும் வரச் செய்ய வேண்டும். வெஸ்ட் செய்த காரியமும் அடிப்படையில் இதுவே. அருஞ்சொற்களை நீக்கிப் பெருவழக்கான சொற்களை வைப்பது, புதுச் சொற்களை ஒரே இடத்தில் குவிக்காமல் இடைவெளி விட்டு அமைப்பது, வந்த சொல்லை மீண்டும் மீண்டும் வரச் செய்வது. 1953இல் அவர் பதிப்பித்த பொதுச்சொற் பட்டியலில் ஏறத்தாழ 2,000 சொற்கள் உள்ளன. எங்கள் பட்டியல் இருநூறைத் தாண்டுவதற்கே நெடுநாள் ஆயிற்று.

சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை சலிப்பூட்டாதா என்று கேட்பீர்கள். சலிப்பூட்டும், திரும்பச் சொல்வதற்குக் கதையிலே காரணம் இல்லாவிட்டால். எங்கள் ஆசிரியை ஒருவர் பேருந்துக்குக் காத்திருக்கும் கதை ஒன்று எழுதினார். ஆறு மணிக்குப் பாட்டி முட்டைக்கோசு மூட்டையோடு வந்து நிற்கிறாள், வண்டி வரவில்லை. ஏழு மணிக்கு நாய் வந்து நிற்கிறது, வண்டி வரவில்லை. எட்டு மணிக்கு மூடுபனி வருகிறது, வண்டி வரவில்லை. கடைசியில் வண்டி வரும்போது பாட்டி உறங்கிவிடுகிறாள். 'பேருந்து வரவில்லை' என்ற ஆங்கில வாக்கியம் அதில் பதினோரு முறை வரும். அதனைப் படிக்கும்போது பிள்ளைகள் முதுகு குலுங்கச் சிரிப்பார்கள். அவர்கள் அனைவருக்கும் தெரிந்த துன்பம் அது. இரண்டாம் நாள் எழுத்தே சரியாகத் தெரியாத பிள்ளையும் அந்த வாக்கியத்தை எங்கே கண்டாலும் இனங்கண்டுகொண்டது. முட்டைக்கோசுத் தோட்டத்துக்குள் காட்டெருமை புகுந்த கதைக்கும் நல்ல வரவேற்பு இருந்தது. வாய்மையின் சிறப்பைப் பற்றி மற்றோர் ஆசிரியர் அழகாக எழுதித் தந்த நூலை மட்டும், எழுதியவர் வகுப்பில் இருக்கும்போது தவிர, எவரும் எடுக்கவில்லை.

பார்வைக்கு வந்த ஒருவர், "இவற்றில் நீதி ஒன்றும் இல்லையே!" என்றார். படிக்கத் தெரிந்த பிறகு நீதி நூல்களைப் படித்துக்கொள்ளட்டும் என்று விடை சொன்னேன். அவர் முகம் மலரவில்லை.

உள்ளூர்க் கதைகளிலேயே பிள்ளையை அடைத்துவைக்கக் கூடாது என்று ஒரு மறுப்பு உண்டு. அது நியாயமான மறுப்பு. கடலைக் கண்டிராத மலைப் பிள்ளைக்குக் கடற்கதை வேண்டும். மார்கழி தை மாதங்களில் புல்லின் மேல் உறைபனி பூத்திருப்பதைக் காணும் பிள்ளைக்கு, வானத்திலிருந்து வெண்பனி பொழியும் நாட்டின் கதையும் வேண்டும். நான் சொல்வது வரிசையைப் பற்றி. எழுத்தும் புதிது, சொல்லும் புதிது, பொருளும் புதிது என்றால் பிள்ளை எதனைப் பற்றிக்கொண்டு ஏறும்? தெரிந்த பொருளை எழுத்தில் காணட்டும். எழுத்து பழகிய பின் தெரியாத பொருளை நோக்கிச் செல்லட்டும். இம்மலையின் செடிகொடிகளைப் பற்றி பைசன் என்ற பேராசிரியர் எழுதிய பெருநூல் 1915இல் வெளிவரத் தொடங்கியது. இங்குள்ள கற்திட்டைகளைப் பற்றி ஏசு சபைத் துறவியர் இருவர் எழுதிய நூல் 1928இல் வந்தது. இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளன. தன் வீட்டுப் பின்புறத்துக் கற்திட்டையைப் பற்றித் தானே படித்தறியும் பிள்ளை ஒருவன் தாண்டிக்குடியிலிருந்து வருவானாயின் அதைவிட மகிழ்ச்சி எனக்கு இல்லை. ஆனால் அவன் பேருந்துக் கதையில்தான் தொடங்க வேண்டும்.

அரசும் இத்துறையில் வாளா இருக்கவில்லை. 2018ஆம் ஆண்டு முதல் வந்த புதிய பாடநூல்கள் அச்சிலும் படத்திலும் முந்தியவற்றினும் மிகச் சிறந்தவை. அவற்றில் கைப்பேசியால் படித்தறியும் குறியீடுகள் உள்ளன. அலைவரிசை எட்டாத மலைமடிப்பில் அவை வெறும் கோலம்போல் நிற்கின்றன என்பது வேறு. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை வகுப்பால் அன்றிக் கற்ற நிலையால் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். ஒரே அறையில் பல வகுப்புகளை வைத்துக்கொண்டு தவிக்கும் மலை ஆசிரியருக்கு இது பொருந்திய ஏற்பாடு. 2023இல் வாசிப்பு இயக்கம் தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு படிகளில் தமிழ்ச் சிறு நூல்கள் வெளியிட்டார்கள். அந்நூல்களைப் பார்த்தபோது உள்ளபடியே மகிழ்ந்தேன். தமிழுக்குச் செய்ததை ஆங்கிலத்துக்கும் செய்வதில் என்ன தடை? பிரதம் புக்ஸ் என்ற நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற மின்னூலகத்தில், தமிழ், ஆங்கிலம் முதலிய பல மொழிகளில் படிநிலைக் கதைகள் உள்ளன. அவற்றை எவரும் அச்சிட்டுக்கொள்ளலாம். மலை வட்டாரத்துக்கு ஏற்றவற்றைத் தெரிந்தெடுத்து, குறைந்தவற்றை இங்குள்ள ஆசிரியர்களைக்கொண்டு எழுதுவித்து, படிக்கு நாற்பது நூலாக ஒரு துணிப்பையில் போட்டு ஒவ்வொரு பள்ளிக்கும் கொடுக்கலாம். பெரிய பாடநூலைச் சிறிது மெலியச் செய்தால் அந்தத் தாளே இதற்குப் போதும்.

ஆனால் நூல்களைக் கொடுத்துவிட்டுத் தேர்வை முன்போலவே வைத்திருந்தால் அவை பெட்டியில்தான் உறங்கும். ஆசிரியர் கற்பிப்பது தேர்வு கேட்பதைத்தான். அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்காவது, பிள்ளை முன்பின் பார்த்திராத பகுதிக்கு இருக்க வேண்டும். அப்பகுதியிலுள்ள சொற்கள் அறிந்தனவாகவும் கதை அறியாததாகவும் இருத்தல் வேண்டும். அப்பொழுது நோட்ஸ் விற்பவருக்கு வேலை இராது. இதனோடு, ஆண்டில் மூன்று முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து, புதியதொரு பக்கத்தை ஒரு நிமிடம் படிக்கச் செய்து, தலைமையாசிரியர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாம். நாற்பது பிள்ளைகள் என்றாலும் ஒரு முற்பகலில் முடிந்துவிடும்.

நாள்தோறும் பதினைந்து நிமிடம் வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் படிக்கும் பழக்கமும் வேண்டும். கோரஸாகக் கத்திப் படிப்பதே படிப்பு என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அந்தக் கோரஸில் நான்கு பேர் படிப்பார்கள், மற்றவர் வாயசைப்பார்கள். இரண்டே ஆசிரியர் உள்ள பள்ளியில் ஒரு வகுப்பு ஓசையின்றிப் படித்துக்கொண்டிருந்தால், அதே அறையில் மற்றொரு வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தரவும் முடியும்.

வானொலியில் பேசிக்கொண்டு வானொலியைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. 1994 முதல் இயங்கும் கொடைக்கானல் பண்பலை நிலையம் மலைமேல் இருப்பதால், கீழே பல மாவட்டங்களிலும் அதன் குரல் கேட்கிறது. நெடுங்காலம் வண்டிப்பாதை இன்றி இருந்த வெள்ளகவி போன்ற ஊர்களில் மற்ற வசதிகளுக்கு முன்னே போய்ச் சேர்ந்தது வானொலியே. குறித்த நாளில், குறித்த நேரத்தில், அச்சிறு நூல்களுள் ஒன்றைத் தெளிவான குரலில், சொல்லுக்குச் சொல் இடம் விட்டு, ஐந்து நிமிடம் படித்தால், கையில் நூலை வைத்திருக்கும் பிள்ளை விரலை ஓட்டிக்கொண்டே கேட்கும். தவறாக உச்சரித்துவிடுவோமோ என்று அஞ்சும் ஆசிரியருக்கும் அது துணையாகும். பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் ஒரு சிறு மணி அடித்தால் போதும்.

பெற்றோரிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். தங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே பிள்ளைக்கு உதவ இயலாது என்று பலர் என்னிடம் வருந்தியிருக்கிறார்கள். உதவ இயலும். மாலையில் அடுப்பருகே பிள்ளையை உட்கார வைத்து, கொண்டுவந்த நூலைப் படிக்கச் சொல்லுங்கள். விரல் சொல்லோடு சொல்லாக நகர்கிறதா, அல்லது கண் கூரையைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பிறகு கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். நூலில் மண்ணும் மஞ்சளும் பட்டுவிடுமே என்று அஞ்சிப் பரண்மேல் வைத்துவிட வேண்டா. எங்கள் பள்ளியில் தூய்மையாகத் திரும்பி வந்த நூலைத்தான் நாங்கள் ஐயுறுவோம். பேருந்துக் கதையை மட்டும் இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை புதிதாக எழுதித் தைத்தோம். நான்காவது படியை எழுதியவள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. பட்டியலைப் பார்த்து, பாட்டிக்குப் பக்கத்தில் ஒரு கோழியையும் அவளாகவே சேர்த்திருந்தாள்.